கச்சிராயபாளையமும் கல்வராயன் மலையும்: அடிவார ஊர் ஒன்றன் வழி அறியப்படும் நில உரிமை வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள கச்சிராயபாளையம், மலைக்குச் செல்வோரின் நுழைவாயிலாக அறியப்படுகிறது. அதற்கு மேலுள்ள மலையோ வரலாற்றின் தொடர்பின்றித் தனித்திருந்த நிலமாகச் சுற்றுலாக் குறிப்புகளிலும் பொதுப்பேச்சிலும் காட்டப்படுகிறது. அத்தனிமை இயற்கையால் மட்டும் விளைந்ததன்று. நில வருவாய் ஆட்சிமுறையால் உருவாக்கப்பட்டு 1976 வரை நிலைநிறுத்தப்பட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஊர்ப்பெயர், மலையாளிப் பழங்குடியினரின் வருகைக் கதைகள், ஜாகீர் முறை, கோமுகி அணை, 1976ஆம் ஆண்டு மாற்றம், வன உரிமைச் சட்டம் ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கச்சிராயபாளையம், கல்வராயன் மலை, மலையாளிகள், ஜாகீர், கோமுகி, பட்டா, வன உரிமை.

முன்னுரை

கல்வராயன் மலையைப் பற்றிப் பரவலாக வழங்கும் எழுத்துகள் இரண்டு வகைப்பட்டவை. முதல் வகை, அருவிகளையும் காட்டையும் பழைய வழக்கங்களையும் வியந்து கூறுவது. மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர்ப் படகுத்துறை, வெள்ளிமலையை ஒட்டிய கோடை விழா ஆகியன அவற்றில் தவறாமல் இடம்பெறும். இரண்டாம் வகை, மலையின் வறுமையையும் சாலையின்மையையும் கூறிவிட்டு, ‘1976 வரை இந்தியாவுடன் சேராத மலை’ என்று முடிப்பது. இவ்விரு வகைகளும் வேறு வேறு நோக்கம் உடையவையாயினும் ஓர் எண்ணத்தில் ஒன்றுபடுகின்றன. சமவெளிக்கு வரலாறு உண்டு. மலைக்கு இயற்கையும் மரபும் மட்டுமே உண்டு என்பதே அவ்வெண்ணம்.

அடிவாரத்திலிருந்து பார்க்கும்போது இவ்வெண்ணம் வலுவிழக்கிறது. மலைப்பொருள் இறங்குவதும் சமவெளிப்பொருள் ஏறுவதும், மலைநீர் தேக்கப்படுவதும், அரசின் ஆணை மலைக்குச் செல்வதும் அடிவாரத்தின் வழியாகவே நடந்தன. எனவே கச்சிராயபாளையத்தை மலைக்குச் செல்லும் வழியில் கடந்துபோகும் ஊராகக் கொள்ளாமல், இருவேறு நில ஆட்சிமுறைகள் சந்தித்த இடமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. நிலவமைப்பு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து, தெற்கே காவிரி வடிநிலத்தையும் வடக்கே பாலாற்று வடிநிலத்தையும் பிரிப்பது. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இம்மலை, வடக்கில் சின்னக் கல்வராயன் என்றும் தெற்கில் பெரிய கல்வராயன் என்றும் இரு பகுதிகளாகக் கூறப்படும். முன்னதன் சராசரி உயரம் 2,700 அடி. பின்னது ஏறத்தாழ 4,000 அடி. ஆங்கிலேயர் ஆவணங்களில் கல்ராயன் என்ற வடிவமே மிகுதி. இன்றைய அரசு வழக்கில் கல்வராயன் என்பது நிலைபெற்றுள்ளது.

கள்ளக்குறிச்சி நகரத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கச்சிராயபாளையம் உள்ளது. வடக்கனந்தல் பேரூராட்சியோடு இணைந்த ஊர் இது. இங்கிருந்து மேற்கே நிலம் உயர்ந்து மலைச்சாலையாகிறது. அச்சாலை கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலைக்குச் செல்கிறது.

இத்தொலைவுகள் பெரியவை அல்ல. 4,000 அடி என்பதும் ஏற இயலாத உயரமன்று. மலையின் தெற்கே ஆத்தூர்க் கணவாய் வழியாகச் சேலத்தையும் கீழைச் சமவெளியையும் இணைக்கும் பெருவழி பழங்காலந்தொட்டுப் படைகளின் பாதையாக இருந்தது. கிழக்கே தியாகதுர்கம் கோட்டை கருநாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர், ஐதர் அலி, ஆங்கிலேயர் ஆகியோரின் கைகளுக்கு மாறிமாறிச் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் அரசியல் அனைத்தும் மலையைச் சுற்றி நிகழ்ந்திருக்க, மலை மட்டும் அதற்கு அப்பாற்பட்டிருந்தது எனக் கருதுவதற்கு நிலவமைப்பு மட்டும் போதிய காரணமாகாது.

2. ஊர்ப்பெயரில் கச்சி

கச்சிராயபாளையம் என்னும் பெயர் மூன்று உறுப்புகளைக் கொண்டது. ‘கச்சி’ காஞ்சிபுரத்தின் பழம்பெயர். ‘ராயன்’ என்பது ‘அரையன்’, ‘ராயர்’ ஆகிய பட்டங்களோடு தொடர்புடையது. ‘பாளையம்’ படை தங்குமிடத்தையும், விசயநகர, நாயக்கர் காலங்களில் பாளையக்காரரின் ஆட்சிப்பகுதியையும் குறித்தது.

கச்சியராயன் என்ற பட்டம் நடுநாட்டு வரலாற்றுக்குப் புதியதன்று. சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் வலிமை பெற்ற காடவராயர் குடியினரின் கல்வெட்டுகளில் இப்பட்டம் காணப்படுகிறது. 1231இல் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கன் இக்குடியைச் சேர்ந்தவன். அச்சேந்தமங்கலம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலேயே உள்ளது. விருத்தாசலம் பகுதியின் முகாசாபரூரில் பாளையக்காரராக விளங்கியோரும் கச்சிராயர் என்றே அழைக்கப்பட்டனர்.

இப்பெயர் ஒற்றுமைகளைக் கொண்டு கச்சிராயபாளையத்தை நிறுவியவர் இன்னார் என முடிவு கூறுவது முறையாகாது. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். கச்சியின் மீது உரிமை கொண்டாடும் பட்டம் நடுநாட்டில் நீண்ட காலம் மதிப்புடன் வழங்கியது. அப்பட்டம் தாங்கிய ஒருவரின் படையிருக்கை என்ற பொருளில் மலையடிவாரத்து ஊர் பெயர்பெற்றது. அதாவது இவ்வூர் மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட வழியைக் காத்த, அல்லது கட்டுப்படுத்திய, அதிகாரத்தின் அடையாளத்தைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது.

3. மலையாளிகளின் வருகைக் கதைகள்

கல்வராயன் மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளுடைய இப்பெயர் கேரளத்து மொழியினரைக் குறிப்பதன்று. இவர்கள் பேசுவது தமிழ். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் இவர்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் தொகை 7,94,697. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மலையாளிகளே.

இவர்களின் வருகை பற்றிய மரபுக்கதைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் மாவட்ட நூல்கள் பதிவுசெய்துள்ளன. லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), பிரான்சிஸின் தென்னார்க்காடு கெசட்டியர் (1906), தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் (1909), ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் (1918) ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கதைகள் பல வடிவங்களில் உள்ளன. அவற்றின் பொதுக்கூறு, முன்னோர் காஞ்சியில் வேளாளராக இருந்தனர் என்பதும், தம் தெய்வமாகிய கரியராமனோடு புறப்பட்டு வந்து மலைகளில் தங்கினர் என்பதும் ஆகும். வழியில் பிரிந்த மூன்று உடன்பிறந்தாருள் மூத்தவர் சேர்வராயனுக்கும், அடுத்தவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர் என்பது ஒரு வடிவம். கரியராமன் வழிபாடு கல்வராயன் மலையில் சிறப்பிடம் பெற்றுள்ளது. சேலம் மாவட்டப் பகுதியில் கரியகோயில் என்ற பெயர் ஓர் ஆற்றுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் வழங்குகிறது.

தென்னார்க்காட்டுப் பகுதியில் பதிவான வடிவம் மேலும் கவனத்திற்குரியது. மலையில் முன்பே வேடர் வாழ்ந்தனர். வந்தவர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டனர். அதன் நினைவாகத் திருமணத்தில் வானை நோக்கித் துப்பாக்கி சுடப்படுகிறது என அது கூறுகிறது. இக்கதையை நடந்த நிகழ்ச்சியின் நேரடிப் பதிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் தம் உரிமைக்கு முன்னர் வேறொருவர் உரிமை இருந்தது என்பதை ஒரு சமூகம் தன் மணச்சடங்கிலேயே ஒப்புக்கொண்டது என்பது எளிதில் ஒதுக்கத்தக்க செய்தியன்று. நிலத்தை அடைந்த விதம் பற்றிய நினைவு இது. நில வரலாறு இல்லாத சமூகத்தில் இத்தகைய நினைவுக்கு இடமிராது.

அடிவார ஊரின் பெயரும் மலைக்குடிகளின் வருகைக் கதையும் ஒரே கச்சியைச் சுட்டுவதால் இரண்டும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து தோன்றியவை என்று கூற இயலாது. முன்னது ஆட்சிப்பட்டம்; பின்னது குடியேற்ற நினைவு. ஆனால் மலைக்குடிகள் தம்மைத் தொன்றுதொட்டு மலையில் ஒதுங்கியவர்களாக எண்ணவில்லை. சமவெளியிலிருந்து ஏறிவந்த உழுகுடிகளாகவே எண்ணினர் என்பது இதனால் தெளிவாகிறது. தனிமை என்பது அவர்கள் தமக்குத் தாமே கூறிக்கொண்ட வரலாறு அன்று.

4. நாடும் ஜாகீரும்

மலையின் உள்ளமைப்பு ‘நாடு’ என்ற அலகின் மேல் நின்றது. சேலம் மாவட்டப் பகுதியில் சின்னக் கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு, பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு என்று ஊராட்சிகளின் பெயர்களாக அது இன்றும் நீடிக்கிறது. சோழர் காலத்தில் நாடு என்பது வேளாண் ஊர்களின் கூட்டமைப்பு என்பதை எ. சுப்பராயலுவின் ஆய்வுகள் விளக்கியுள்ளன. சமவெளியில் பிற்கால ஆட்சிப்பிரிவுகளால் மங்கிப்போன இவ்வலகு மலையில் பெயரளவிலேனும் நிலைத்தது. பட்டக்காரர், மூப்பன், ஊர்க்கவுண்டர் முதலிய பொறுப்புகள் ஊர், நாடு ஆகிய நிலைகளில் வழக்குத் தீர்த்தல், திருவிழா நடத்தல் ஆகியவற்றைக் கவனித்தன.

இவ்வமைப்பின் மேல் ஜாகீர் முறை நின்றது. தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. கிருட்டிணதேவராயர் (1509–1529) காலத்தில் தம் முன்னோர்க்கு மலை வழங்கப்பட்டது என்பது அவர்தம் மரபு.

இம்மரபில் இரு காலங்களின் அடுக்குகள் கலந்துள்ளன. ஜாகீர் என்பது முகலாய வருவாய் ஆட்சியின் சொல். ஒரு பகுதியின் வருவாயைப் பெறும் உரிமையைக் குறிப்பது. விசயநகர ஆட்சியில் இதையொத்த உரிமைகளுக்கு வழங்கிய சொல் அமரநாயக்கம். எனவே கொடை விசயநகரத்தது எனக் கூறப்பட்டாலும், அது வழங்கும் பெயர் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்காலச் சொல்வழக்கைச் சார்ந்தது. ஆட்சிகள் மாறியபோதெல்லாம் மலைத்தலைவர்கள் தம் உரிமையை அவ்வவ் ஆட்சியின் மொழியில் பெயர்த்துக் காத்துக்கொண்டனர் என்பதையே இது காட்டுகிறது. சமவெளி அரசியலோடு இடைவிடாத தொடர்பு இருந்தால்தான் இது இயலும்.

5. அளக்கப்பட்ட சமவெளியும் அளக்கப்படாத மலையும்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் வயல்வயலாக நிலத்தை அளந்து, உழவரோடு நேரடியாகத் தீர்வை உடன்பாடு செய்யும் முறையை அங்குதான் வளர்த்தனர். பின்னாளில் ரயத்துவாரி எனப்பெயர் பெற்று மாகாணம் முழுவதும் பரவிய முறை இது. 1801இல் கருநாடக நவாபின் ஆட்சிப்பகுதியோடு தென்னார்க்காடும் கம்பெனியின் கைக்கு வந்தது. இவ்வாறு, கல்வராயன் மலையின் இருபுறத்துச் சமவெளிகளும் பத்தாண்டுக் காலத்திற்குள் ஒரே வருவாய் ஆட்சியின் கீழ் அடங்கின.

மலை மட்டும் ஜாகீர்தார்களிடமே விடப்பட்டது. இங்குதான் அடிவாரம் புதியதொரு பொருளில் எல்லையாயிற்று. கச்சிராயபாளையத்தைச் சூழ்ந்த வயல்களுக்குப் புல எண் வந்தது. தீர்வைக் கணக்கு வந்தது. நாளடைவில் உழவரின் பெயருக்குப் பட்டா வந்தது. சில கல் தொலைவில் மலையேறியதும் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கு உழவருக்கும் அரசுக்கும் இடையில் ஜாகீர்தார் நின்றார். உழுபவரின் உரிமை ஏட்டில் எழுதப்படாமல் வழக்கத்தாலும் தலைவரின் இசைவாலும் நின்றது. நாடு விடுதலை பெற்ற பின்னும் இந்நிலை உடனே மாறவில்லை. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1963ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இனாம் எஸ்டேட்டுகளை ரயத்துவாரியாக மாற்ற வகைசெய்தது. ஆயினும் மலை ஜாகீர்கள் 1976 வரை தொடர்ந்தன.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சியே அலுவலர்கள் கல்வராயன் மலையைத் தவிர்த்தனர் எனலாம். காய்ச்சல் உண்மையே. ஆயினும் அருகிலுள்ள சேர்வராயன் மலையோடு ஒப்பிட்டால் இவ்வாதத்தின் எல்லை புலப்படும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்ட முதலாளிகளும் சாலைகளும் ஏற்காடு என்னும் கோடைவாழிடமும் பின்தொடர்ந்தன. சேர்வராயன் மலை உயரமும் குளிர்ச்சியும் மிக்கது என்பது மெய். ஆனால் அங்கும் குடிகள் மலையாளிகளே. நிலம் அரசின் நேரடி ஆளுகைக்கு உட்பட்டு அயலாருக்கு வழங்கத்தக்கதாக இருந்ததா என்பதே இரு மலைகளின் வரலாற்றையும் பெரிதும் வேறுபடுத்தியது. அம்மாற்றம் சேர்வராயன் மலையின் மலையாளிகளுக்கு நன்மையாக மட்டும் முடியவில்லை, நிலம் தோட்டங்களாயிற்று. கல்வராயனில் நிலம் அயலார் தோட்டமாகவில்லை. ஆனால் உழுபவரின் பெயரிலும் எழுதப்படவில்லை.

அரசுக் கணக்கில் இடம்பெறாத மலை, சந்தைக் கணக்கில் இடம்பெற்றிருந்தது. கல்வராயன் மலையின் கடுக்காய் பெயர்பெற்ற விளைபொருள். தோல் பதனிடுதலுக்கும் சாயத்திற்கும் பயன்பட்டதால் சென்னை மாகாணக் கடுக்காய் ஐரோப்பியச் சந்தைக்கும் ஏற்றுமதியானது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியன உணவுக்காக விளைந்தன. கடுக்காய், தேன், புளி முதலியவை கீழே இறங்கி உப்பும் துணியும் இரும்பும் மேலே ஏறின. இன்று மலையில் விளையும் மரவள்ளி, சேலம், ஆத்தூர்ப் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. ஆகவே பொருளுக்கு வழி திறந்திருந்தது. உரிமை ஆவணத்திற்கு மட்டுமே வழி அடைபட்டிருந்தது.

6. நீர் முந்தியது

கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணை இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் சான்று. கோயில் கருவறையின் திருமஞ்சன நீர் வெளிவரும் தூம்புக்குக் கோமுகி என்று பெயர். அப்பெயர் கொண்ட ஆறு கல்வராயன் மலையில் தோன்றி, அடிவாரத்தில் சமவெளியை அடைந்து, கள்ளக்குறிச்சி வழியாக ஓடி மணிமுத்தாற்றோடு கலந்து வெள்ளாற்றில் சேர்கிறது. மலையிலிருந்து ஆறு இறங்கும் இடத்தில் 1965இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டம் 46 அடி, கொள்ளளவு 560.96 மில்லியன் கன அடி. அணையாலும் அதன் வழி நிரம்பும் ஏரிகளாலும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகின்றன. நெல்லும் கரும்பும் பெருகின. கள்ளக்குறிச்சி இரண்டாம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கச்சிராயபாளையத்தில் அமைந்ததும் இக்கரும்பு வளத்தை ஒட்டியே.

அணையின் நன்மையை மறுப்பதற்கில்லை. வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருந்த ஏரிப்பாசனத்திற்கு அது உறுதி அளித்தது. ஆனால் காலவரிசை கவனிக்கத்தக்கது. 1965இல் மலையின் மழைநீர் கன அடிக் கணக்கில் அளக்கப்பட்டு, அரசின் பொதுப்பணித்துறை ஏட்டில் ஏறிவிட்டது. அம்மழை பெய்த நிலத்தை உழுதவரின் உரிமையோ அப்போது அரசின் எந்த ஏட்டிலும் இல்லை. நீர் அரசின் கணக்கிற்குள் வந்து 11 ஆண்டுகள் கழிந்த பின்னரே மலை வந்தது. நவீன அரசு மலையை அடைய இயலாதிருந்தது என்ற கூற்று இதனால் அடிபடுகிறது. தனக்கு வேண்டியதை அது அடைந்தது; குடிகளின் உரிமையை அடைய முற்படவில்லை என்பதே பொருந்தும்.

7. 1976: இணைப்பா, ஏற்பா?

1976 சூன் 25 அன்று ஜாகீர்கள் முடிவுற்று மலை அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. இந்நாளையே ‘இந்தியாவுடன் இணைந்த நாள்’ எனப் பலரும் எழுதுகின்றனர். இத்தொடர் திருத்தப்பட வேண்டியது. கல்வராயன் மலை தனி நாடாகவோ சமஸ்தானமாகவோ இருந்ததில்லை. 1906ஆம் ஆண்டுக் கெசட்டியர் அதைத் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் பகுதியாகவே விவரிக்கிறது. 1950 சனவரி 26 முதல் அரசமைப்புச் சட்டம் சமவெளிக்கு எவ்வாறோ அவ்வாறே மலைக்கும் பொருந்தியது. 1976இல் மாறியது நாட்டின் எல்லையன்று, நில ஆட்சிமுறை.

இத்திருத்தம் சொல்லளவிலானது அன்று. மலை இந்தியாவுக்கு வெளியே இருந்தது எனின், அதுவரை அதன் குடிகளுக்கு உரிமை இல்லாமற்போனதற்கு எவரும் பொறுப்பாகார். இந்தியாவுக்குள்ளேயே இருந்தது எனின், அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னும் 26 ஆண்டுகள் அவ்வுரிமை அவர்களைச் சென்றடையாததற்குக் காரணம் கூறும் கடமை அரசுக்கு உண்டு.

மாற்றம் நிகழ்ந்த சூழலும் குறிக்கத்தக்கது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. 1976 சனவரி 31இல் மாநில அமைச்சரவை நீக்கப்பட்டதால் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றது. நிலச் சீர்திருத்தமும் கொத்தடிமை ஒழிப்பும் 20 அம்சத் திட்டத்தில் இடம்பெற்றிருந்த காலம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் முடிக்காத ஒரு பணி, தேர்தல் உரிமைகள் முடங்கியிருந்த காலத்தில் நிறைவேறியது. இந்த முரண் நெருக்கடி நிலைக்கு நியாயம் கற்பிப்பதாகாது. முந்தைய காலத்தின் தயக்கத்தையே எடுத்துக்காட்டுகிறது.

8. ஏற்புக்குப் பின்

ஜாகீர் அகன்றதும் மலைக்கு வந்த அரசு ஒரே முகத்தோடு வரவில்லை. வருவாய்த்துறை பட்டா வழங்குவதாகவும் வனத்துறை எல்லை குறிப்பதாகவும் வந்தன. வழக்கத்தால் ஒன்றாயிருந்த விளைநிலம், மேய்ச்சல் நிலம், கடுக்காய்க் காடு ஆகியவை இரு துறைகளின் ஏடுகளில் பிரிந்தன. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் காட்டின் ஊடே சாலை அமைப்பதற்கும் நடுவணரசின் இசைவு தேவைப்பட்டது.

பிற மாநிலங்களில் பழங்குடி மலைகளுக்குக் கிடைத்த சிறப்புப் பாதுகாப்பும் இங்கு இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மலைப்பகுதிகள் முகமைப் பகுதிகளாகத் தனியே ஆளப்பட்டன. விடுதலைக்குப் பின் அத்தகைய பகுதிகள் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டில் நடுவணரசு இயற்றிய அட்டவணைப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் கல்வராயன் மலைக்குப் பொருந்தவில்லை. பொதுச் சட்டத்தின் பயன் காலந்தாழ்ந்து வந்தது. சிறப்புச் சட்டத்தின் காவல் வரவே இல்லை.

2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை அடுத்து மலைக்குடிகளின் வாழ்நிலை பொதுக் கவனத்திற்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், மூன்று ஜாகீர்களின் வரலாறும் 1976ஆம் ஆண்டு மாற்றமும் மக்கள் 1996இல்தான் வாக்களிக்கத் தொடங்கினர் என்ற செய்தியும் குறிப்பிடப்பட்டன. அரசமைப்பின் 326ஆம் உறுப்பு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையை 1950இலேயே வழங்கிவிட்டது. சட்டத்தில் உள்ள உரிமைக்கும் கையில் வரும் உரிமைக்கும் இடைப்பட்ட இக்காலத்தொலைவு, மலைப்பாதையின் நீளத்தால் விளக்கத்தக்கதன்று.

9. மரபு, காட்சிப்பொருளா சான்றா?

சுற்றுலா வளர்ச்சி மலைக்கு வருவாய் தரக்கூடியதே. ஆனால் அது முன்வைக்கும் மொழியில் மரபு என்பது காணத்தக்க பொருளாகிறது. பழைய கோயில், திருவிழா, சிறுதானிய உணவு, மூத்தோர் கூறும் கதை ஆகியன அருவியோடு ஒன்றாக வைக்கப்படுகின்றன. வரலாற்றிலிருந்து மலையை விலக்கும் போக்கின் இன்றைய வடிவம் இது.

சட்டம் இம்மரபுகளை வேறு கண்ணோடு நோக்குகிறது. 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தைப் பயன்படுத்திவரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. அதற்கான விதிகள் அரசு ஆவணங்களை மட்டும் சான்றாகக் கொள்ளவில்லை. உரிமை கோருவோர் அல்லாத மூத்தோரின் எழுதப்பெற்ற வாக்குமூலமும், குடியிருப்பு, இடுகாடு, புனித இடம் போன்ற நிலத்து அடையாளங்களும் சான்றாகும். தமிழ்நாட்டில் இச்சட்டத்தின்படி உரிமைச் சான்று வழங்குவது நீதிமன்ற இடைக்கால ஆணையால் பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பின்னரே விரைவு பெற்றது.

ஜாகீர் நிலத்திற்கு 1976க்கு முற்பட்ட பட்டா இல்லை. எனவே கல்வராயன் மலையில் வாய்மொழி மரபும் வழிபாட்டிடமும் பெறும் முக்கியத்துவம் பெரிது. எந்த முன்னோர் எந்த ஓடையருகே காடு திருத்தினார், எந்தக் கோயிலுக்கு எந்த ஊர்கள் வரி கொடுத்தன, நாட்டின் எல்லை எந்தப் பாறையில் முடிகிறது என்பன போன்ற செய்திகளை நாட்டார் வழக்காற்றியலுக்குரியவை எனத் தொகுத்து வைப்பது மட்டும் போதாது. அவை நில உரிமையின் ஆவணங்களும் ஆகும். அவற்றைத் தொகுக்கும் ஆய்வாளர் இடப்பெயர், கூறியவரின் வயது, தலைமுறை எண்ணிக்கை, எல்லைக்குறி ஆகியவற்றைத் துல்லியமாகப் பதிவுசெய்தல் வேண்டும். மூத்த தலைமுறை மறையுமுன் இப்பணி நிறைவேற வேண்டியுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. கச்சிராயபாளையம் என்னும் பெயரும் மலையாளிகளின் வருகைக் கதைகளும் மலைக்கும் சமவெளிக்கும் இடையே நெடுங்காலத் தொடர்பு இருந்ததைக் காட்டுகின்றன. ஜாகீர் உரிமை ஒவ்வோர் ஆட்சியின் சொல்லிலும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் அத்தொடர்புக்குச் சான்று. 1792 முதல் சமவெளி அளக்கப்பட்டு மலை அளக்கப்படாமல் விடப்பட்டதே அடிவாரத்தை உரிமையின் எல்லையாக ஆக்கியது. மலையின் விளைபொருள் உலகச் சந்தைக்குச் சென்றது. மலையின் நீர் 1965இல் அரசின் கணக்கில் சேர்ந்தது. மலையின் குடிகள் 1976இல்தான் அரசின் நில ஏட்டை நெருங்கினர். இவ்வரிசை இயற்கை வகுத்ததன்று.

1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரமாகியது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மாவட்டத் தலைமையிடம் இன்று அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தொலைவைக் காரணம் காட்டும் வாய்ப்பு இனி இல்லை. மூன்று ஜாகீர்களின் வருவாய்க் கணக்குகள், 1976க்குப் பிந்தைய நிலவரித்திட்ட ஏடுகள், மூத்தோர் வாய்மொழி ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நாடுதோறும் ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாய்வின் பயன் வரலாற்றுத்துறையோடு நின்றுவிடாது. நிலுவையிலுள்ள உரிமைக் கோரிக்கைகளுக்கும் துணைநிற்கும்.